மாணவர் எழுதிய குறுநாடகங்கள்: பிரதியில் பெரியவர்கள் எவ்வளவு கை வைக்கலாம்?

பின்வரிசை

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளாக இங்கே சிங்கப்பூரில் ஒரு மாணவர் குறுநாடக விழாவில் தொண்டூழியராக இருக்கிறேன். உயர்நிலை மூன்று முதல் பலதுறைத் தொழிற்கல்லூரி வரை படிக்கும் பிள்ளைகள் தாங்களே எழுதும் நாடகங்கள். ஒவ்வொன்றும் 10 நிமிடம். இந்த முறை 7 நாடகங்கள், போன சனிக்கிழமை இரண்டு காட்சிகளாக நடந்தன. எழுதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரதியைச் செப்பனிட உதவுவது என் வேலை.

இந்த இழையைத் தொடங்கியது ஒரு நாடகத்துக்காக. எழுதியவருக்கு 17 வயது. நாடகத்தில் மூன்றே பேர்: பாட்டி, பேத்தி, மியன்மாரிலிருந்து வந்த பணிப்பெண். பாட்டி தமிழில் பேசுவார். பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான்கு ஆண்டுகள் பாட்டியோடேயே இருந்ததில் பணிப்பெண் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். நடுவில் நின்று இருவருக்கும் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அன்று அவள் ஊருக்குத் திரும்பும் நாள். பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் போனபிறகு இந்த இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்ளப்போகிறார்கள்? அதுதான் நாடகம்.

முதல் வரைவு வந்தபோது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு 31 வசனங்கள், அத்தனையும் ஆங்கிலம். தமிழ் நாடக விழாவில் இவ்வளவு ஆங்கிலமா என்று நினைத்து எல்லாவற்றையும் நானே தமிழில் மாற்றினேன். 'பசியாறிட்டியா?' என்று பாட்டி கேட்கும் வரியைக்கூட 'காலை உணவு சாப்பிட்டாயா?' என்று திருத்தினேன். அந்தப் பிள்ளைக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். அவர் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. 'நன்றி சார்' என்று ஒரு வரி வந்தது.

பிறகு நடிகர்கள் முதன்முறை உட்கார்ந்து வாசித்தார்கள். பாட்டி தமிழில் கேட்கிறார், பேத்தி தமிழில் பதில் சொல்கிறாள். பணிப்பெண்ணாக வாசித்த மாணவி நான்காம் பக்கத்தில் நிறுத்திவிட்டு, 'இவங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே பேசிக்கிறாங்க, நான் எதுக்கு நடுவுல நிக்கிறேன்?' என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. எழுதியவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகத்தின் உயிரையே நான் எடுத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய பிரதிக்கே திரும்பினோம். அதுதான் மேடை ஏறியது. ஆனால் காட்சி முடிந்ததும் பார்வையாளர் ஒருவர் வந்து, 'தமிழ் நாடகம் என்று சொல்லிவிட்டுப் பாதி ஆங்கிலம். பிள்ளைகளைத் திருத்த ஆள் இல்லையா?' என்று கேட்டார். எங்கள் குழுவிலும் சிலருக்கு அதே எண்ணம். அடுத்த ஆண்டு முதல் ஒரு பிரதியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆங்கிலம் கூடாது என்று விதி வைக்கலாமா என்ற பேச்சு ஓடுகிறது.

என் எண்ணம் இது: பிள்ளை எழுதிய நாடகத்தைப் பற்றி நாம் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரு வரியும் நாம் எழுதக் கூடாது. இதே வேலையைச் செய்பவர்கள், செய்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஜூரோங் ஆசிரியை

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த ஒரு நாடகத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதிலிருந்து ஒரு பொது விதிக்குப் போவது எனக்குப் பயமாக இருக்கிறது.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020ல் 2.5. வகுப்பில் இதை நான் தினமும் பார்க்கிறேன். மணி அடித்ததும் ஆங்கிலத்துக்குப் போய்விடும் பிள்ளைகள், நாடக ஒத்திகை நடக்கும் இரண்டு மணி நேரம் மட்டும் தமிழில் சண்டை போடுகிறார்கள், தமிழில் சிரிக்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நான் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை நானும் வந்திருந்தேன். தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்கு, போகும் பையனைப் பற்றிய நாடகத்தில் அண்ணன் தம்பி இருவரும் கோபம் வரும்போதெல்லாம் ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். அந்த வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எழுதிய மாணவனுக்குக் கோபத்துக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவது நாடகத்தின் தேவை. இரண்டாவதில் ஆசிரியருக்கு வேலை இருக்கிறது.


ஒளிமேசை

நான் விளக்குப் போடுகிறவன், எழுதுகிறவன் இல்லை. மாணவர் நாடகங்களுக்குப் பல ஆண்டுகளாக ஒளி அமைக்கிறேன்.

மொழியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். பிரதியில் நான் முதலில் எண்ணுவது காட்சிகளைத்தான். 10 நிமிட நாடகத்தில் 9 காட்சி எழுதுகிறார்கள். வீடு, பள்ளி, எம்ஆர்டி ரயில், மறுபடி வீடு, மருத்துவமனை. திரைப்படமும் தொடரும் பார்த்துப் பழகியதால் கண் அப்படி வெட்டி வெட்டி யோசிக்கிறது. 9 காட்சி என்றால் நடுவில் 8 இருட்டு. ஒவ்வோர் இருட்டிலும் நாற்காலியை இழுத்து வைக்க 15 விநாடி. மொத்தம் 2 நிமிடம் பார்வையாளர் இருட்டில் நாற்காலி உரசும் சத்தத்தைக் கேட்கிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு நாடகம் போய்விட்டது.

பாட்டி நாடகத்தில் இருட்டே இல்லை. ஓர் அறை, ஒரு பெட்டி, ஒரே காலை நேரம். சன்னல் பக்கத்திலிருந்து ஒரு வெளிச்சம், அது 10 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எனக்கு அவ்வளவுதான் வேலை. அந்தப் பிள்ளைக்கு மேடை என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தமிழில் அதை நம்பாதீர்கள். வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.


செங்காங்வாசி

திருச்சியிலிருந்து இங்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. 'பசியாறு' என்ற சொல்லுக்காகவே எழுதுகிறேன்.

வந்த புதிதில் எதிர்வீட்டு அம்மா மின்தூக்கியில் பார்க்கும்போதெல்லாம் 'பசியாறிட்டீங்களா?' என்று கேட்பார். ஊரில் அந்தச் சொல்லை என் முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் மட்டும் கேட்டிருந்தேன். இங்கே எல்லார் வாயிலும் இருந்தது. பசி ஆறுவது என்று சொல்லும்போதே வயிறு குளிர்கிற மாதிரி ஒரு சொல். அதை 'காலை உணவு' என்று மாற்றினால் எங்கே நடக்கும் கதை என்பதே தெரியாமல் போய்விடும். பசார் (சந்தை), தாப்பாவ் (சாப்பாட்டைக் கட்டி வாங்கிப்போவது), வெள்ளி (டாலர்), புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) இவையெல்லாம் இந்த ஊர்த் தமிழ். மாணவர்கள் தமிழ்நாட்டுத் தொடர்களின் வசனத்தைப் போல எழுதும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சென்னையில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று இவர்கள் எதற்காக எழுத வேண்டும்? என் இரண்டு மகள்களும் இங்கே பிறந்தவர்கள். அவர்கள் பேசுவது என் தமிழ் இல்லை என்று முதலில் குறைப்பட்டேன். இப்போது அது அவர்களுடைய தமிழ் என்று தெரிகிறது.


பழைய வானொலி

எனக்கு 70 வயதைத் தாண்டிவிட்டது. இளையவர்கள் சண்டையில் நுழைய வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' வானொலித் தொடரைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்போதுதான் எல்லாரும் கம்பத்து (கிராமத்து) வீடுகளிலிருந்து அடுக்குமாடிக்கு மாறிக்கொண்டிருந்தோம். அந்த வாழ்க்கை வானொலியில் தமிழில் வந்தபோது, அது நம் வீட்டுக் கதை என்று தோன்றியது. அதே மனிதர் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர், 2008ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். உயர்ந்த தமிழ் தெரியாமல் அவர் வீட்டுத் தமிழை எழுதவில்லை. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்து எழுதினார்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1988ல் இந்த ஊர் நாடகாசிரியர் குவோ பாவ் குன், தன் பூனையைத் தேடும் ஒரு தாயைப் பற்றி ஒரு நாடகம் போட்டார். இந்த ஊரின் பல மொழிகள் ஒரே மேடையில் வந்த நாடகம். ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி மட்டும் பேசும் அந்த அம்மாவும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் சந்திப்பார்கள். அவரும் பூனையைத் தேடுகிறார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் முகத்தாலும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பெற்ற பிள்ளைகளோடு பேச முடியாதவருக்கு அந்நியரோடு பேச முடிந்தது.

பின்வரிசை, உங்கள் மாணவி இதை அறிந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அறியாமல் எழுதியிருந்தால் இன்னும் மகிழ்ச்சி. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்குள் இன்னொரு கதவைத் திறந்திருக்கிறார்.


பின்வரிசை

ஐயா, அவருக்கு அந்த நாடகம் தெரியாது. நேற்று கேட்டேன். இந்த இழையின் இணைப்பையும் அனுப்பியிருக்கிறேன், விரும்பினால் அவரே எழுதுவார்.

ஜூரோங் ஆசிரியை எழுதியது: 'எழுதிய மாணவனுக்குக் கோபத்துக்குத் தமிழில் சொல் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.'

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை நாம் எடுத்துக் கொடுத்தால் அது நம் கோபமாகிவிடும். நான் அந்தப் பையனிடம், 'உன் அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்ன சொல்வார்?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த நாடகத்தில் ஒத்திகை அட்டவணையைப் பற்றியே அதிகம் பேசினேன்.

மொழியைவிட நாம் அதிகம் கை வைக்கும் இடம் முடிவு. பாட்டி நாடகத்தின் முதல் வரைவு, பணிப்பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனபின் பாட்டியும் பேத்தியும் பேசாமல் உட்கார்ந்திருப்பதோடு முடிந்தது. குழுவில் மூன்று பேர், 'இதில் கருத்து என்ன?' என்று கேட்டார்கள். பேத்தி மனம் திருந்தி, 'இனிமேல் தமிழில்தான் பேசுவேன் பாட்டி' என்று கட்டிப்பிடிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நானும் அதற்குத் தலையாட்டினேன். கட்டுரையில் முடிவுரை எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் நாடகத்துக்கும் முடிவுரை கேட்கிறோம். ஏழு நாடகங்களில் நான்கு கட்டிப்பிடித்து முடிந்தன. நான்கிலும் அந்த முடிவு இரண்டாம் வரைவில் வந்தது. எங்கள் கூட்டங்களுக்குப் பிறகு வந்தது.


மார்சிலிங் அம்மா

தேசிய சேவை நாடகத்தை எழுதியவன் என் மகன். இங்கே அதைப் பற்றிப் பேச்சு வருவதால் எழுதுகிறேன்.

முதல் வரைவில் அது அப்பாவும் மகனும் பற்றிய நாடகம். மறுநாள் காலை பையன் முகாமுக்குப் போக வேண்டும். முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவுக்குப் படகில் பெற்றோரும் கூடப் போகலாம், அப்பா வருவாரா மாட்டாரா என்று தெரியாது. அப்பா குடித்துவிட்டு வந்து பக்கத்து அறையில் படுத்திருப்பார். நாடகம் முழுக்க மகன் மூடிய கதவோடு பேசுவான்.

அதைப் படித்துவிட்டு அன்றிரவு நான் தூங்கவில்லை. எங்கள் வீட்டுக் கதை அப்படியே இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் எல்லாரும் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். என் கணவர் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். 'அப்பாவை அண்ணனாக மாற்று, குடியை எடுத்துவிடு' என்று கேட்டேன். மாற்றினான். கதவு போய்விட்டது. அண்ணனும் தம்பியும் சண்டை போடும் நாடகமாகிவிட்டது. ஆசிரியை சொல்வது உண்மைதான், அந்தக் கோபம் அவனுடையதாக இல்லை. ஏனென்றால் அது அண்ணனிடம் காட்ட வேண்டிய கோபமே இல்லை.

நான் செய்தது தவறு என்று நீங்கள் சொல்லலாம். என் கணவர் அந்தப் பிரதியைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. பிள்ளைக்கு எழுத உரிமை உண்டு. வீட்டில் உள்ளவர்களும் மனிதர்கள்தான். இதற்கு உங்களிடம் வழி இருந்தால் சொல்லுங்கள்.


செங்காங்வாசி

அம்மா, உங்களைத் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூடிய கதவோடு பேசும் மகன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதே எனக்கு அந்த மேடை தெரிந்தது. அந்த வரைவைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டு போட வேண்டும் என்று இல்லை.


ஜூரோங் ஆசிரியை

மார்சிலிங் அம்மா எழுதியதைப் படித்தபின் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. சொல் கிடைக்காத பையன் என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். பின்னால் இவ்வளவு இருந்திருக்கிறது.

ஆனாலும் ஒரு விஷயத்தை விட முடியவில்லை. பேச்சுத்தமிழை எழுதத் தெரியாமல் பிள்ளைகள் தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2005ல் வந்த தமிழ் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவின் பரிந்துரைகளுக்குப் பிறகு பள்ளியில் பேச்சுத்தமிழுக்கு இடம் கிடைத்தது. வகுப்பில் பேசுகிறோம், வாய்மொழித் தேர்வில் பேசுகிறார்கள். ஆனால் அதை யாரும் எழுதிப் பழகவில்லை. எழுதுவது என்றால் கட்டுரைத் தமிழ். அதனால் மாணவன் பேனாவை எடுத்தவுடன், 'அம்மா, நான் மிகுந்த மனவேதனையில் இருக்கிறேன்' என்று வந்துவிடுகிறது. நடிக்கிற பிள்ளைக்கு நாக்கு புரளாது. 'வந்துட்டேன்' என்று எழுதலாமா, 'வந்துவிட்டேன்' என்றுதான் எழுத வேண்டுமா என்று என்னிடமே கேட்கிறார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் ஆங்கிலத்துக்கு ஓடிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இவ்வளவு தூரம் இல்லையே.

போன ஆண்டு ஒரு வழி செய்து பார்த்தேன். எழுதச் சொல்லவில்லை. இரண்டு பேரை நிற்கவைத்து, 'நீ பாட்டி, நீ பேரன், தொலைபேசியை அணைக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள்' என்றேன். கைப்பேசியில் பதிவு செய்து, அதைக் கேட்டு அப்படியே எழுதச் சொன்னேன். எழுத்துப்பிழையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆங்கிலம் தானாகவே பாதிக்குமேல் குறைந்துவிட்டது. மிச்சமிருந்த ஆங்கிலம் உண்மையிலேயே அவர்கள் பேசும் ஆங்கிலம்.

ஆகவே பத்தில் ஒரு பங்கு என்ற விதியை நானும் ஆதரிக்கவில்லை. அதற்குப் பதிலாக முதல் இரண்டு வாரம் எழுத்தே இல்லாமல் பேச்சுப் பட்டறை வையுங்கள்.


ஒளிமேசை

நடைமுறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாரும் திருத்தம், மறுவரைவு என்று பேசுகிறோம். நாட்காட்டி இடம் கொடுக்க வேண்டும்.

டிக்கெட் விற்றுப் பொதுமக்களுக்கு நாடகம் போட்டால் உரிமம் தேவை. தகவல், தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்துக்குப் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அப்புறம் விருப்பம்போல மாற்ற முடியாது. மாணவர் நாடகத்தில் என்ன நடக்கிறது? உரிமத்துக்குக் கொடுக்கும் தேதியும் முதல் வாசிப்பும் ஒரே வாரத்தில் வருகின்றன. வாசித்தால்தானே எந்த இடம் ஓடவில்லை என்று தெரியும். பாட்டி நாடகத்தில் பின்வரிசை பழைய பிரதிக்குத் திரும்ப முடிந்ததற்குக் காரணம், வாசிப்பு தற்செயலாக முன்னாலேயே நடந்தது. ஒரு வாரம் தள்ளியிருந்தால் அந்தப் பிள்ளை தன்னுடையது இல்லாத நாடகத்தை மேடையில் பார்த்திருப்பார்.

வாசிப்பை ஒரு மாதம் முன்னால் கொண்டுவாருங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

துணைவரி பற்றியும் சொல்ல வேண்டும். மாணவர்களின் நண்பர்களில் பாதிப் பேர் தமிழர் இல்லை. அவர்களுக்காக ஆங்கில வரிகளைத் திரையில் போடுகிறோம். வசனத்துக்கு முன்னால் வரி வந்துவிட்டால் சிரிப்பு பாதி அரங்கில் முதலில் வரும், நடிகர் தடுமாறுவார். பாட்டி நாடகத்தில் பேத்தி பேசும்போது திரையில் ஒன்றும் இல்லை, பாட்டி பேசும்போது மட்டும் வரி. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பையன் திரையைப் பார்ப்பதும் பாட்டியைப் பார்ப்பதுமாக இருந்தான். பணிப்பெண் இல்லாமல் அந்த வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்பது அவனுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.


தேக்கா நூலகம்

துணைவரி பேச்சு வந்ததால் கேட்கிறேன். அந்த ஏழு பிரதிகளும் இப்போது எங்கே இருக்கின்றன? யாராவது ஒருவரின் மடிக்கணினியில் என்றால், இரண்டு ஆண்டில் போய்விடும். தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து தமிழ்ச் சமூகம் நம் நாடகப் பிரதிகளையும் நிகழ்ச்சி ஏடுகளையும் மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. அந்த வேலை நடந்தபோது பலர் வீட்டுப் பரணிலிருந்து மக்கிய தாள்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. மாணவர் நாடகம்தானே என்று விடாதீர்கள். தேதி, நடித்தவர்கள், எழுதியவரின் வயது எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் போட்டு ஒரு பிரதியைச் சேர்த்து வையுங்கள். முதல் வரைவையும் சேருங்கள்.


மூன்றாவது வரைவு

வணக்கம். பாட்டி நாடகத்தை எழுதியது நான்தான். என் தமிழில் தப்பு இருந்தால் மன்னிக்கவும், ஆனால் திருத்த வேண்டாம்.

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். சில சொல்லுக்கு அகராதி பார்த்தேன். பூனை நாடகத்தைப் பற்றி எழுதிய ஐயாவுக்கு நன்றி. நூலகத்தில் தேடப்போகிறேன்.

சார் என் வசனத்தை மாற்றி அனுப்பியபோது நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். அந்தத் தமிழ் நன்றாக இருந்தது. என் தமிழைவிட நன்றாக இருந்தது. அதனால் அதுதான் சரி என்று நினைத்தேன். பள்ளியில் எப்போதும் அப்படித்தான். சிவப்பு மையில் வருவது சரி, நான் எழுதியது தப்பு. நாடகத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். என் தோழி 'நான் எதுக்கு நடுவுல நிக்கிறேன்' என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுவிட்டாள்.

அந்த நாடகம் உண்மைக் கதையா என்று பலர் கேட்டார்கள். பாதி உண்மை. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா போன ஆண்டு மியன்மாரில் இருக்கும் மண்டலேக்குத் திரும்பிவிட்டார். அவருக்குப் பாட்டி தமிழ் எண்களைச் சொல்லிக்கொடுத்தார், மாத்திரை எண்ணுவதற்காக. பிறகு பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. அவர் போன பிறகு பாட்டி என்னிடம் ஏதாவது கேட்டால், நான் ஒரு நிமிடம் அக்கா நிற்கும் இடத்தைப் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன். அந்த ஒரு நிமிடத்தைத்தான் எழுத நினைத்தேன். கட்டிப்பிடிக்கும் முடிவு வேண்டாம் என்றேனே, அது பிடிவாதம் இல்லை. எங்கள் வீட்டில் இன்னும் யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.

ஆசிரியை சொன்னதும் எனக்குச் சரி என்றே படுகிறது. நான் தமிழில் எழுதக் கஷ்டப்படுகிறேன் என்பது உண்மை. பேத்திக்கு ஆங்கிலம் வைத்தது நாடகத்துக்காக, ஆனால் அது எனக்கு எளிதாகவும் இருந்தது. இரண்டும் உண்மை. பாட்டியின் வசனங்களை எழுதத்தான் நாலு மாதம் ஆனது. அவர் சமையலறையில் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கைப்பேசியில் குறித்து வைத்தேன். 'வெயில் தாழ்ந்ததும் போயேன்' என்பார். 'தாழ்ந்ததும்' என்று எனக்கு முன்பு தெரியாது. இப்போது நானும் சொல்கிறேன்.

மார்சிலிங் அம்மா, உங்கள் மகனின் முதல் வரைவு எனக்குத் தெரியும். பட்டறையில் எங்களுக்குப் படித்துக் காட்டினான். படித்து முடித்ததும் எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் உங்கள்மேல் கோபமாக இல்லை. அவனே சொன்னான்.


மார்சிலிங் அம்மா

நன்றி அம்மா. அவனிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை. பேசுகிறேன்.


பின்வரிசை

நேற்று குழுக்கூட்டம் முடிந்தது. ஆங்கில அளவு விதி வேண்டாம் என்று முடிவானது, ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரோடு தனியாகப் பேசப்போகிறேன், அவருடைய கவலையும் நியாயமானதுதான். முதல் இரண்டு வாரம் பேச்சுப் பட்டறை, நடத்த ஜூரோங் ஆசிரியை வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் வாசிப்பு ஒரு மாதம் முன்னால் வருகிறது. பிரதிகள் வரைவுகளோடு சேர்த்து வைக்கப்படும், அதற்கு ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். வழிகாட்டிகள் பிரதியின் ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதலாம் என்பது நான் கேட்டது. அதற்கு இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. என் பிள்ளைகளோடு நான் அப்படித்தான் செய்வேன்.

வீட்டாரைப் பற்றி எழுதும் பிரதிகளுக்கு, மேடை ஏற்றாமல் வாசிப்பாக மட்டும், எழுதியவர் அழைப்பவர்கள் மட்டும் உட்காரும் ஒரு மாலை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. மார்சிலிங் அம்மாவின் கேள்விக்கு இது முழு வழி இல்லை. தொடங்கிப் பார்க்கிறோம்.


மூன்றாவது வரைவு

சார், நான் அடுத்த நாடகம் எழுதத் தொடங்கிவிட்டேன். இதில் பாட்டி மேடைக்கே வரமாட்டார். உள்ளறையில் இருப்பார், இருமல் மட்டும் கேட்கும். ஒளிமேசை அண்ணா, இருமலைப் பதிவு செய்து போட வேண்டுமா? என்ன கருவி தேவைப்படும்?


ஒளிமேசை

பதிவு வேண்டாம். ஒரு நடிகரைத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்காரவையுங்கள். மேடையில் நடப்பதைக் கேட்டுக்கொண்டே இருமட்டும். எத்தனை பக்கம் ஆகியிருக்கிறது?